கோப்பமைப்பு நிரலில் வரும் நிலைப் பகுப்பாய்வு எச்சரிக்கைகளை எப்படித் திருத்துவது?

புதிய பங்களிப்பாளர்:

லினக்ஸ் கெர்னலின் மைய மரத்துக்கு வெளியே பராமரிக்கப்படும் ஒரு சிறிய கோப்பமைப்பை, மைய மரத்துக்கு அனுப்பும் தகுதிக்குக் கொண்டுவரும் பணியில் இருக்கிறேன். நிரலை ஓட்டாமலே படித்துத் தவறு தேடும் (நிலைப் பகுப்பாய்வு) ஸ்பார்ஸ், ஸ்மாட்ச் ஆகிய கருவிகளையும் கம்பைலரின் கூடுதல் எச்சரிக்கை நிலையையும் ஓட்டிப் பார்த்ததில் வந்தவை பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்குகின்றன: 32 பிட் தொகுதி எண்ணை இடப்பக்கம் நகர்த்தி 64 பிட் மாறியில் இடுவது, வட்டில் லிட்டில்-எண்டியனாக (சிறுமதிப்புப் பைட் முதலில் வரும் வரிசையில்; பிக்-எண்டியன் இதற்கு நேர்மாறு) இருக்கும் புலத்தை அப்படியே சாதாரண எண்ணாகப் பயன்படுத்துவது, பிழைச்சுட்டியிலிருந்து (முகவரிக்குப் பதில் பிழைக்குறியைச் சுமக்கும் சுட்டி) பிழைக்குறியை எடுக்கும் இடத்தில் சுழியம் வந்துவிடக்கூடும் என்பது, தோல்விப் பாதையில் பிழைக்குறி எதையும் இடாமலே வெளியேறுவது, ஒரு செயற்கூறு திருப்பித் தரும் மதிப்பைக் கவனிக்காமல் விடுவது.

இவை அனைத்தையும் ஒரே பேட்சில் (நிரல் மாற்றத் தொகுப்பில்) தீர்க்கும் ஒரு திருத்தம் எங்கள் குழுவின் முன் வைக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டுக்கும் வகைமாற்றம் சேர்த்திருக்கிறார்கள். மூன்றாவதில் வெற்றுச் சுட்டியையும் பிழைச்சுட்டியையும் சேர்த்துச் சோதிக்கும் வரியை நீக்கிவிட்டுப் பிழைச்சுட்டியை மட்டும் சோதிக்கிறார்கள். நான்காவதில் எல்லா இடத்திலும் 'செல்லாத உள்ளீடு' என்ற பிழைக்குறியை இட்டிருக்கிறார்கள். ஐந்தாவதில் திரும்பும் மதிப்பை ஒரு மாறியில் வாங்கி, பிழைதிருத்தச் செய்தி ஒன்றில் அச்சிட்டுவிட்டு மேலே செல்கிறார்கள். இப்போது எச்சரிக்கை ஒன்றுகூட வருவதில்லை. நிரலும் தொகுக்கப்படுகிறது, மவுண்ட் ஆகிறது, கோப்புகளை எழுதவும் படிக்கவும் முடிகிறது. இதை ஏற்கலாமா என்பதே என் கேள்வி.

வட்டு நிரலர்:

ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் வகையை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியலில் பயனரின் தரவை நேரடியாக அழிக்கக்கூடியது அதுதான்.

தொகுதி அளவு 4096 பைட் என்று வைத்துக்கொள்வோம். தொகுதி எண்ணைக் கோப்பில் உள்ள பைட் இடமாக மாற்ற 12 பிட் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். தொகுதி எண் 32 பிட் மாறியில் இருந்தால் நகர்த்தலும் 32 பிட்டிலேயே நடக்கும். விளைவை 64 பிட் மாறியில் இட்டாலும் மேல் பிட்டுகள் அதற்கு முன்பே போய்விட்டிருக்கும். 10,48,576-ஆவது தொகுதியை நகர்த்தினால் 4 ஜிபி, அதாவது 2-இன் 32ஆம் அடுக்கு வர வேண்டும். 32 பிட்டில் அது சுழியம். ஆக, 4 ஜிபி எல்லையில் எழுத வேண்டிய தரவு கோப்பின் முதல் பைட்டிலிருந்து எழுதப்படும். எந்தப் பிழையும் திரும்பாது. எழுதியவருக்கு வெற்றி என்றே தெரியும்.

உங்கள் முன் வைக்கப்பட்ட பேட்ச் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக இப்படித்தான் இருக்கும் (லாஃப்_டி என்பது கோப்பு இடத்துக்கான 64 பிட் வகை):

இடம் = (லாஃப்_டி)(தொகுதி << பிட்டுகள்);

வகைமாற்றம் வெளிப்படையாக இருப்பதால், எழுதியவர் தெரிந்தே செய்திருக்கிறார் என்று கருவி எடுத்துக்கொண்டு அமைதியாகிவிடும். ஆனால் அடைப்புக்குறிக்குள் நகர்த்தல் இன்னும் 32 பிட்டில்தான் நடக்கிறது. சரியானது இது:

இடம் = (லாஃப்_டி)தொகுதி << பிட்டுகள்;

ஒரு ஜோடி அடைப்புக்குறிதான் வேறுபாடு. முதல் வடிவத்தை இணைத்துவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகிறது, ஏனென்றால் தவறு இருந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்த ஒரே அடையாளமும் போய்விடுகிறது. அடுத்து வந்து படிப்பவரும் 'இங்கே யாரோ ஏற்கெனவே கவனித்திருக்கிறார்கள்' என்று நம்பிக் கடந்துவிடுவார்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். கோப்பில் உள்ள இடத்தைத் தொகுதி எல்லைக்குக் கீழே கொண்டுவர, தொகுதி அளவிலிருந்து ஒன்றைக் கழித்துப் பிட்டுகளைப் புரட்டி அதை மறைப்பாக இடும் வழக்கம் உண்டு. தொகுதி அளவு குறியற்ற 32 பிட் மாறியாக இருந்தால், புரட்டிய மறைப்பின் மேல் 32 பிட்டுகள் சுழியமாகவே விரியும். 64 பிட் இடத்தோடு அதைச் சேர்த்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட பகுதி முழுவதும் வெட்டுப்படும். அந்த மாறி குறியுள்ளதாக இருந்தால் குறி நீட்சி நடந்து தற்செயலாகச் சரியாக அமையும். எனவே 'அளவு எதிர்மறையாக வராது, குறியற்றதாக மாற்றிவிடலாம்' என்று செய்யப்படும் ஒரு நல்லெண்ணத் துப்புரவே இந்தப் பிழையை உள்ளே கொண்டுவந்துவிடக்கூடும். மறைப்பைக் கையால் எழுதாமல் கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் கீழ்முழுமையாக்கும் மேக்ரோவைப் பயன்படுத்தினால், அது மறைப்பை முதல் மதிப்பின் வகைக்கே மாற்றிக்கொள்ளும்.

சோதிப்பது கடினம் அல்ல. ஒரு கோப்பை 5 ஜிபிக்கு நீட்டி, இடையில் எதையும் எழுதாமல், 4 ஜிபி இடத்தில் மட்டும் அடையாளம் காணத்தக்க ஒரு வரியை எழுதி, கேஷை (நினைவகத்தில் தங்கியிருக்கும் நகலை) வெளியேற்றிவிட்டுக் கோப்பின் தொடக்கத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே சுழியங்கள் மட்டுமே இருக்க வேண்டும்.

பைட் வரிசை:

இரண்டாவது வகையைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஸ்பார்ஸ் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் எழுதத் தொடங்கினார். பயனர் நினைவகத்தின் சுட்டியையும் கெர்னல் சுட்டியையும் குழப்பிக்கொள்வதைப் பிடிப்பது அதன் முதல் நோக்கங்களுள் ஒன்று. வட்டிலும் வலையமைப்பிலும் உள்ள பைட் வரிசை வகைகளைத் தனித்தனி வகைகளாகப் பாவித்துச் சோதிப்பது கோப்பமைப்புக்காரர்களுக்கு அதன் பெரும் பயன். லினக்ஸின் கோப்பமைப்புகளில் இஎக்ஸ்டி4 தன் மீத்தரவை லிட்டில்-எண்டியனாக வட்டில் வைக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் பிக்-எண்டியனாக வைக்கிறது. எக்ஸ்86 இயந்திரத்தில் லிட்டில்-எண்டியனிலிருந்து மாற்றும் செயல் எதையும் செய்வதில்லை. ஆகவே மாற்ற மறந்தாலும் எல்லாம் ஓடும். எஸ்390 போன்ற பிக்-எண்டியன் இயந்திரத்துக்கு அந்த வட்டைக் கொண்டுபோகும் நாளில்தான் தவறு வெளிப்படும். 'மவுண்ட் ஆகிறது, எழுதப் படிக்க முடிகிறது' என்று நீங்கள் குறிப்பிட்ட சோதனை இந்த வகைக்கு எதையுமே நிரூபிப்பதில்லை.

கட்டாய வகைமாற்றத்தை இட்டு ஸ்பார்ஸின் எச்சரிக்கையை நிறுத்துவது, 'இந்த மதிப்பின் பைட் வரிசையைப் பற்றி எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும்' என்று கருவியிடம் சொல்வதாகும். செக்சம் (தரவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) கணக்கிடும்போது பைட்டுகளை அப்படியே எடுப்பது போன்ற ஒருசில இடங்களில் அது உண்மை. மற்ற இடங்களில், கொடிகளைச் சோதிப்பதானால் புலத்தை மாற்றுவதைவிட மாறிலியை மாற்றி ஒப்பிடுங்கள், அந்த மாற்றத்தைக் கம்பைலரே தொகுக்கும்போது முடித்துவிடும். எண்ணாகக் கணக்கிடுவதானால் மாற்றும் செயற்கூறு வழியாகவே படியுங்கள்.

இதில் கோப்பமைப்புக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. சாதன இயக்கியில் பைட் வரிசைத் தவறைத் திருத்தினால் அது அத்தோடு முடிந்தது. கோப்பமைப்பில் பழைய தவறு வட்டில் எழுதப்பட்டுக் கிடக்கிறது. உங்கள் நிரல் ஏதேனும் பிக்-எண்டியன் இயந்திரத்தில் ஓடியிருந்தால், மாற்றப்படாத அந்தப் புலம் அங்கே பிக்-எண்டியனாகவே எழுதப்பட்டிருக்கும், அதே தவறான நிரல் அதைச் சரியாகவும் படித்துக்கொண்டிருக்கும். இலக்கணப்படி மிகச் சரியான உங்கள் திருத்தம் வந்த மறுகணம் அந்த வட்டுகள் படிக்க முடியாதவை ஆகிவிடும். எனவே ஒவ்வொரு எச்சரிக்கையிலும் முதலில் விசாரிக்க வேண்டியது, இந்தப் புலம் வட்டுக்குப் போகிறதா, போனால் இதுவரை எந்த வரிசையில் போயிருக்கிறது என்பதே. இரண்டு வரிசைகளும் வழக்கில் இருந்தால் யுஎஃப்எஸ் கோப்பமைப்பின் நிரலைப் பாருங்கள்: சூப்பர்பிளாக்கை (கோப்பமைப்பின் அடிப்படை விவரங்கள் உள்ள தொகுதியை) படித்து வரிசையைத் தீர்மானித்துக்கொண்டு, அதன்பின் ஒவ்வொரு புலத்தையும் அந்தத் தீர்மானத்தின்படி மாற்றுகிறது. அதற்கென்றே தனி வகையும் வைத்திருக்கிறது, ஸ்பார்ஸ் அதையும் சோதிக்கும்.

ஸ்பார்ஸை ஓட்டும்போது மேக் கட்டளையில் 'சி=2' என்று கொடுங்கள், அது எல்லாக் கோப்புகளையும் பார்க்கும். 'சி=1' மறுபடி தொகுக்கப்படும் கோப்புகளை மட்டுமே பார்க்கும். 4.10 பதிப்புக்கு முந்திய மரத்தில் வேலை செய்வதானால் பைட் வரிசைச் சோதனையைத் தனியாக இயக்க வேண்டும். அதற்குப் பிறகு அது இயல்பாகவே இயங்குகிறது.

புதிய பங்களிப்பாளர்:

இருவருக்கும் நன்றி. முன்மொழியப்பட்ட பேட்சில் நகர்த்தல் அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. பைட் வரிசையைப் பொறுத்தவரை, இந்தக் கோப்பமைப்பு லிட்டில்-எண்டியன் இயந்திரங்களில் மட்டுமே பயன்பட்டு வந்திருக்கிறது. ஆகவே வடிவம் மாறும் அபாயம் இல்லை என்று நினைக்கிறேன். மீதமுள்ள மூன்றையும் பற்றி அறிய விரும்புகிறேன்.

தோல்விப் பாதை:

அந்த மூன்றும் உண்மையில் ஒரே பொருளின் மூன்று முகங்கள்: பிழை நேர்ந்தது என்ற செய்தி, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் வழியிலேயே தொலைவது.

இது அரிதான நோய் அல்ல. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் லினக்ஸ் 2.6இன் அனைத்துக் கோப்பமைப்புகளையும் மூன்று முக்கியச் சேமிப்பு இயக்கிகளையும் நிலைப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தியபோது, 1153 அழைப்புகள், அதாவது 13 சதவீதம், பிழைக்குறியைக் கையாளாமலே கைவிடுவதைக் கண்டார்கள். படிக்கும்போது வரும் பிழைகளைவிட எழுதும்போது வரும் பிழைகளே அதிகம் புறக்கணிக்கப்படுகின்றன என்பதையும் உறுதிசெய்தார்கள். இரண்டில் இழப்பு மிகுந்தது எழுதும்போது வரும் பிழை என்பதால் இது என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்யும் முடிவு. படிக்க முடியாவிட்டால் பயனருக்கு உடனே தெரியும். எழுதப்படவில்லை என்பது, தரவு தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

மூன்றாவது வகைக்கு வருகிறேன். கெர்னலில் ஒரு சுட்டியே பிழைக்குறியையும் சுமக்க முடியும். முகவரி வெளியின் கடைசி 4095 மதிப்புகள் அதற்காக ஒதுக்கப்பட்டுள்ளன. வெற்றுச் சுட்டி அந்த வரம்பில் இல்லை. எனவே இரண்டையும் சேர்த்துச் சோதித்துவிட்டு, உள்ளே நுழைந்ததும் பிழைக்குறியை எடுத்தால், சுட்டி வெற்றாக இருந்த பாதையில் கிடைப்பது சுழியம். சுழியம் என்றால் வெற்றி. ஸ்மாட்ச் சுட்டிக்காட்டுவது இதைத்தான்.

ஆனால் இதற்குப் பொதுவான ஒரே மருந்து கிடையாது. அழைக்கப்படும் செயற்கூறு எதைத் திருப்புகிறது என்று திறந்து பார்த்தே ஆக வேண்டும். சூப்பர்பிளாக்கைப் படிக்கப் பயன்படும் பொதுவான பஃபர் வாசிப்பு தோல்வியில் வெற்றுச் சுட்டியைத் தருகிறது. இஎக்ஸ்டி4 தனக்கென வைத்திருக்கும் அதன் மாற்று வடிவம் பிழைச்சுட்டியைத் தருகிறது. அதே இஎக்ஸ்டி4இல் ஐநோடு (ஒரு கோப்பின் விவரப் பதிவு) வழியாகத் தொகுதியைப் படிக்கும் செயற்கூறு, பிழை என்றால் பிழைச்சுட்டியையும், அந்த இடத்தில் துளை (தொகுதி ஒதுக்கப்படாத பகுதி) இருந்தால் வெற்றுச் சுட்டியையும் தருகிறது. கோப்பில் துளை இருப்பது பிழையே அல்ல. அடைவில் துளை இருந்தால் அது வட்டுச் சிதைவு. உங்கள் நிரலில் இந்த மூன்றாவது வகைச் செயற்கூறு இருந்து, வெற்றுச் சுட்டிக்கான சோதனையை நீக்கிவிட்டீர்களானால், சிதைந்த படிமம் ஒன்றை மவுண்ட் செய்தாலே கெர்னல் விழும்.

இதே எச்சரிக்கை தவறாக வரும் இடமும் உண்டு. அடைவில் பெயரைத் தேடும் செயற்கூறு வெற்றுச் சுட்டியைத் திருப்பினால் அது வெற்றி என்றே மேல் அடுக்கு எடுத்துக்கொள்ளும். அங்கே சுழியத்தைச் சுட்டியாக மாற்றித் திருப்புவது முறையான நடைதான், அதைத் 'திருத்த' வேண்டாம்.

நான்காவது வகையில், எல்லா இடத்திலும் ஒரே பிழைக்குறியை இட்டிருப்பது கவனக்குறைவு. நினைவகம் கிடைக்காததும், வட்டிலிருந்து படிக்க முடியாததும், படித்தது சிதைந்திருப்பதும் பயனர் வெளிக்கு வெவ்வேறு செய்திகள். மவுண்ட் கட்டளை அவற்றைப் பார்த்துத்தான் பயனருக்குக் காரணம் சொல்கிறது. இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் சிதைவுக்கென்றே தனிக்குறி வைத்திருக்கிறார்கள். அதே சமயம், வெளியேறும் பாதையில் பிழைக்குறி சுழியமாக இருப்பதே நோக்கமாகவும் இருக்கலாம்: தேடிய பொருள் இல்லை, செய்ய வேண்டியதும் இல்லை, அமைதியாகத் திரும்பு என்று. அப்படியானால் வெளியேறுவதற்கு முந்திய வரியில் சுழியத்தை வெளிப்படையாக இடுங்கள். ஸ்மாட்சும் அதை ஏற்றுக்கொள்ளும், படிப்பவருக்கும் ஐயம் நீங்கும்.

ஐந்தாவதில் பிழைக்குறியை அச்சிட்டுவிட்டு மேலே செல்வது கையாளுவது ஆகாது. ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறிக்கும் பதிவில்) எழுதுவதோ, பஃபரை வட்டுக்கு ஒத்திசைப்பதோ தோற்றால் அதை அழைத்தவருக்குத் திருப்புங்கள். ஏற்கெனவே வேறொரு பிழையின் துப்புரவுப் பாதையில் இருந்தால் முதல் பிழையையே திருப்ப வேண்டும், இரண்டாவதைப் பதிவுசெய்யலாம். எழுதுவது பின்னணியில் நடக்கும்போது திருப்புவதற்கு அழைத்தவரே அங்கு இருக்கமாட்டார். அப்போது கோப்பின் முகவரி வரைவில் பிழையைக் குறித்துவைத்தால், அடுத்த எஃப்சிங்க் (தரவை வட்டில் எழுதி முடிக்கக் கோரும் அழைப்பு) அதைப் பயனருக்குச் சொல்லும். கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தப் பிழை தனித்தனியே சென்றடையும் ஏற்பாடு 4.13 பதிப்பில்தான் வந்தது.

தொகுப்புப் பொறுப்பாளர்:

மேலே சொல்லப்பட்டவை அனைத்தும் சரி. ஆனாலும் முன்மொழியப்பட்ட பேட்சை எழுதியவரின் பக்கத்தில் உள்ள நியாயத்தையும் சொல்ல விரும்புகிறேன். நூற்றுக்கணக்கான பழைய எச்சரிக்கைகள் ஓடிக்கொண்டிருக்கும் திரையில் புதிதாக வந்த ஒன்றை யாரும் பார்ப்பதில்லை. பட்டியலைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, அதன்பின் புதிதாக ஒன்று வந்தாலே தொகுப்பை நிறுத்துவது என்ற ஒழுங்கு பயனுள்ளது. சுவிட்ச் கூற்றில் ஒரு கிளையிலிருந்து அடுத்ததற்கு வழுக்கி விழும் எச்சரிக்கையைக் கெர்னல் முழுவதும் இப்படித்தான் கையாண்டார்கள். இருந்த இடங்களையெல்லாம் குறித்து முடித்த பின் 5.3 பதிப்பில் அந்த எச்சரிக்கை எல்லாருக்கும் இயக்கப்பட்டது. அதன் பிறகு புதிய தவறு நுழைவது கடினமாகிவிட்டது.

தோல்விப் பாதை:

அந்த ஒழுங்கோடு எனக்கு மாறுபாடு இல்லை. நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டிலேயே, குறிப்பதற்கு முன் ஒவ்வொரு இடத்தையும் படித்து, வழுக்குவது நோக்கமா மறதியா என்று முடிவுசெய்தார்கள். சில இடங்களில் மறதி என்று தெரிந்து நிரலையே திருத்தினார்கள். உங்களுக்கு வேண்டியது புதியவை தனியே தெரிவது மட்டும் என்றால், இன்றைய வெளியீட்டைக் கோப்பில் சேமித்துவைத்து அடுத்த ஓட்டத்தோடு ஒப்பிட்டாலே போதும், நிரலில் ஒரு வரியையும் தொட வேண்டியதில்லை.

எல்லா எச்சரிக்கையும் அந்த உழைப்புக்குத் தகுதியானதும் அல்ல. தொடக்க மதிப்பு இடப்படாமல் இருக்கக்கூடும் என்று ஜிசிசி கம்பைலர் தரும் எச்சரிக்கையில் பொய்கள் மிகுந்துபோனதால், 2020இல் 5.7 பதிப்பில் இயல்பான தொகுப்பிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பயந்து எல்லா மாறிகளுக்கும் முதலிலேயே சுழியம் இடுவது, பிழைக்குறி இட மறந்த பாதை ஒவ்வொன்றையும் வெற்றிப் பாதையாக மாற்றிவிடும்.

பொருளறியாமல் வாயடைப்பதன் விலைக்கு 2006இல் டெபியன் லினக்ஸின் ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) தொகுப்பில் செய்யப்பட்ட மாற்றம் என்றும் நினைவில் வைக்கத்தக்கது. தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகத்தைப் பயன்படுத்துவதாக, நிரலை ஓட்டிச் சோதிக்கும் வால்கிரைண்டு கருவி காட்டிய வரிகளை நீக்கினார்கள். அவற்றில் ஒன்றே ரேண்டம் எண்களுக்கு விதையைச் சேர்க்கும் வரி. 2008 மே மாதம் அது வெளிப்பட்டபோது, இடைப்பட்ட காலத்தில் அந்த அமைப்புகளில் ஓப்பன்எஸ்எஸ்எல் வழியாக உருவான சாவிகள் ஊகிக்கத்தக்கவை என்று தெரிந்தது. வால்கிரைண்டு நிலைப் பகுப்பாய்வுக் கருவி அல்ல, ஆயினும் அங்கே நடந்த தவறு இங்கே நடக்கவிருப்பதற்கு வேறானது அல்ல.

மறுஆய்வாளர்:

பேட்ச்களை எப்படிப் பிரிப்பது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. எச்சரிக்கையின் வகைப்படி பிரிக்காதீர்கள், காரணத்தின்படி பிரியுங்கள். 4 ஜிபி நகர்த்தல் தரவைச் சிதைப்பது, ஆகவே அது முதலில், தனியாக வர வேண்டும். நிலைப்பதிப்புகளுக்குப் போக வேண்டிய திருத்தத்தை வெறும் நடைத் திருத்தத்தோடு கலந்தால், அதைப் பழைய பதிப்புகளுக்குக் கொண்டுபோகிறவர் இரண்டையும் சுமக்க நேரிடும். அடுத்து, எழுதும்போது வரும் பிழைகளைக் கைவிடும் இடங்கள், அதன்பின் மவுண்ட் பாதை, கடைசியாகப் பைட் வரிசை.

விளக்கவுரையில் 'ஸ்மாட்ச் எச்சரிக்கையைத் திருத்துகிறது' என்று மட்டும் எழுதினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எச்சரிக்கையின் வாசகத்தை அப்படியே தாருங்கள், கருவியின் பெயரையும் சொல்லுங்கள். ஆனால் எந்த உள்ளீட்டில் என்ன நேரும், பயனர் எதைக் காண்பார் என்பதே முதல் பத்தியாக இருக்கட்டும். தவறை உள்ளே கொண்டுவந்த கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) அடையாளத்தில் முதல் 12 எழுத்துகளை அதற்குரிய வரியில் இடுங்கள். அந்தக் கமிட்டைத் தேடி எடுப்பதே பாதி மறுஆய்வு. எழுதியவர் எதை நினைத்து எழுதினார் என்பது பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

சுட்டியைப் பயன்படுத்திய பிறகு அது வெற்றா என்று சோதிக்கும் இடங்களும் உங்கள் நிரலில் இருக்கும் என்று எண்ணுகிறேன். 2009இல் டன் வலையமைப்பு இயக்கியில் இப்படி ஒன்று இருந்தது. முன்னமே பயன்படுத்திவிட்டதால் சுட்டி வெற்றாக இருக்க முடியாது என்று முடிவுகட்டி ஜிசிசி அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. அந்த ஓட்டையின் வழியாகக் கெர்னல் உரிமையைப் பெற முடிந்தது. அதன் பிறகே அத்தகைய நீக்கத்தைத் தடுக்கும் கொடியோடு கெர்னலைத் தொகுக்கிறார்கள். எச்சரிக்கை இங்கே உங்களிடம் கேட்பது, சோதனை தேவையற்றதா அல்லது பயன்பாடு முந்திவிட்டதா என்று. அழைப்பவர்கள் அனைவரையும் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

நினைவகக் கசிவைத் திருத்தும்போது, 6.5 பதிப்பில் வந்த தானியங்கி விடுவிப்பு முறையைப் பாதிச் செயற்கூறுக்கு மட்டும் சேர்க்காதீர்கள். கோட்டூவும் (வேறு வரிக்குத் தாவும் கூற்றும்) அதுவும் ஒரே செயற்கூறில் கலக்கக் கூடாது என்று கெர்னலின் வழிகாட்டுதலே சொல்கிறது.

புதிய பங்களிப்பாளர்:

முன்மொழியப்பட்ட பேட்சைத் திரும்பப் பெறுவதென்று குழுவில் முடிவாகிவிட்டது. முதல் பேட்சின் விளக்கவுரையை இப்படி எழுதியிருக்கிறேன்:

'4 ஜிபிக்கு மேற்பட்ட இடத்தில் எழுதப்படும் தரவு, கோப்பின் தொடக்கப் பகுதியின் மேல் எழுதப்படுகிறது. தொகுதி எண்ணை நகர்த்துவது 32 பிட்டில் நடப்பதே காரணம். நகர்த்துவதற்கு முன்பே 64 பிட்டாக விரிக்கிறோம். 5 ஜிபி துளைக்கோப்பில் 4 ஜிபி இடத்தில் எழுதி, கேஷை நீக்கித் தொடக்கத்தைப் படித்துச் சோதிக்கப்பட்டது. ஸ்மாட்ச் கண்டறிந்தது.'

இதே நகர்த்தல் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காக்சினெல் (நிரலில் வடிவங்களைத் தேடும் கருவி) விதி ஒன்றை எழுதித் தேடியதில், எச்சரிக்கை வராத இரண்டு இடங்களும் அகப்பட்டன. இரண்டிலும் நகர்த்தல் ஒரு உதவிச் செயற்கூறுக்குள் இருக்கிறது. அது 32 பிட்டையே திருப்புகிறது. அவற்றையும் இதே பேட்சில் சேர்க்கலாமா?

மறுஆய்வாளர்:

சேர்க்கலாம், காரணம் ஒன்றே. உதவிச் செயற்கூறின் திரும்பும் வகையை மாற்றினால் அதை அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் வாங்கும் மாறியையும் பாருங்கள்; ஒன்று 32 பிட்டாக இருந்தாலும் வெட்டு அங்கே நடக்கும். எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற கோப்பமைப்புச் சோதனைத் தொகுப்பின் 'ஆட்டோ' குழுவை முழுவதும் ஓட்டி, பேட்சுக்கு முன்பும் பின்பும் தோற்ற சோதனைகளின் பட்டியலை விளக்கவுரைக்குக் கீழே, மூன்று கோடுகளுக்கு அடியில் இணைத்து அனுப்புங்கள்.